பழைய டபுள் கெப்பில் ஃபோர்வீல் விழாவிட்டால் முதலில் எங்கே பார்ப்பது?

என்னுடையது இருபது வயது தாண்டிய ஜப்பான் டபுள் கெப், டீசல். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் கொழுந்தும் உரமும் ஏற்றியே பல வருஷம் ஓட்டியாயிற்று. எஞ்சினில் குறையே இல்லை. மழைக்காலத்தில் ஃபோர்வீல்தான் படுத்தியது. லீவர் சுத்தமாக விழும். டேஷ்போர்டில் பச்சை லைட் மினுக்கிக்கொண்டே இருக்கும். பின் டயர்கள் சேற்றை வாரி இறைக்கும், முன் டயர்கள் சும்மா நிற்கும்.

ஒரு கராஜில் பார்த்ததுமே "டிரான்ஸ்பர் கேஸை இறக்கணும்" என்றார்கள். எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. நான் சம்மதிக்கவில்லை. இந்த மாதிரி வண்டியில் இணைப்பு இரண்டு இடத்தில் நடக்கவேண்டும். முன் ஷாஃப்டை லீவர் இணைக்கும். முன் அக்ஸிலை இணைப்பது வக்கியூம், அதாவது ஹோஸ் வழியாகக் காற்றை உறிஞ்சும் இழுப்பு. எது விழவில்லை என்று தெரியாமல் எதற்கு ஸ்பேனரை எடுப்பது?

சமதரையில் 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு, கொஞ்சம் உருட்டி நிறுத்தி, எஞ்சினை அணைத்தோம். பின் சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக், முன்னால் ஒரு சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்ட். (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள்.) முன் ஷாஃப்ட் கையால் அசையவில்லை, ஆகவே டிரான்ஸ்பர் கேஸ் சரி. பிறகு வெளியே வந்து, எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, தூக்கிய சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் எங்காவது 'டக்' என்று பிடிக்கவேண்டும். பிடிக்கவேயில்லை.

முன் அக்ஸிலைப் பிடிக்கவைக்கும் ஆக்சுவேட்டருக்கு இரண்டு ஹோஸ் வருகிறது: 2எச்-இல் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) ஒன்று உறிஞ்சும், 4எச்-இல் மற்றது. விரலை வைத்துப் பார்த்தால் 4எச் ஹோஸில் உயிரே இல்லை. பழக்கமான மெக்கானிக் பாஸ் இரண்டையும் மாற்றிச் செருகினார். 2எச்-இல் இருக்கும்போதே அக்ஸில் பிடித்துக்கொண்டது. ஆக்சுவேட்டர் நல்லது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பேட்டரித் தட்டுக்குப் பின்னால் ஹோஸ் வளையும் இடத்தை மடக்கியதும் வெடிப்பு வாய் பிளந்தது, விரலெல்லாம் கருப்புப் பொடி. அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டாமல் எல்லா ஹோஸையும் புதிதாகப் போட்டேன். ரப்பர் எல்லாவற்றுக்கும் ஒரே வயசுதானே.

பின்னொரு மழையில் லைட்டே வரவில்லை. அப்போது கோளாறு டிரான்ஸ்பர் கேஸ் சுவிட்ச்சின் பிளக்கில். உள்ளே பச்சையாகக் களிம்பு. அந்தச் சிக்னல் போகாவிட்டால் வக்கியூமைத் திறந்துவிடும் மின் வால்வான சொலனாய்டு திறக்காது. எல்லா வண்டியிலும் லைட்டை நம்பவும் முடியாது: சிலவற்றில் அது டிரான்ஸ்பர் கேஸை மட்டும் பார்த்து எரிகிறது, அக்ஸில் பிடித்ததா என்பது அதற்குத் தெரியாது. ஃபோர்வீல் சோம்பலாக விழுந்து பிரேக்கும் கல்லாக இருந்தால், ஹோஸைவிட முதலில் வக்கியூம் பம்பைப் பாருங்கள். பல டீசல்களில் இரண்டுக்கும் அது ஒன்றுதான்.

காய்ந்த தார் ரோட்டில் 4எச் வேண்டாம். முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் வளைவுகளில் முறுக்கேறி லீவர் இறுகிவிடும். கொஞ்சம் நேராக ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விடும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அளவு டயர் போட்டால் இன்னும் மோசம்.

வக்கியூமைத் தூக்கிப்போட்டுவிட்டுக் முன் சக்கரங்களில் கையால் பூட்டும் ஹப் போடச் சொல்பவர்கள் உண்டு. உறுதியான ஏற்பாடுதான். ஆனால் அட்டை ஏறும் பாதையில் ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பூட்ட எனக்கு ஆசையில்லை; ஹோஸ் மலிவு.