ரிவால்வர் ரீலோடிங்: கட்டுப்படியாகும் ஈயக் குண்டு எது?

.38 ஸ்பெஷல் தோட்டாக்களை நானே நிரப்பிப் பயிற்சி செய்யத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பித்தளைக் கூடு திரும்பத் திரும்பப் பயன்படும். பவுடர் ஒரு தோட்டாவுக்குச் சிட்டிகை அளவுதான். கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் பிரைமரில் மிச்சம் பிடிக்க வழியே இல்லை. ஆக, செலவைக் குறைக்க இடம் இருப்பது முன்னால் உட்காரும் குண்டில்தான்.

செப்பு உறை போட்ட ஜாக்கெட் குண்டுகளை நான் பயிற்சிக்கு எடுப்பதே இல்லை. தரத்தில் குறை கிடையாது. ஆனால் காகித இலக்கில் ஓட்டை போட அவ்வளவு செலவு எதற்கு? தவிர, மிக மென்மையாக நிரப்பினால் ஜாக்கெட் குண்டு பேரலிலேயே சிக்கி நிற்கும் ஆபத்தும் உண்டு. ஈயம் வழுக்கிக்கொண்டு போய்விடும். மெல்லிய செப்பு முலாம் பூசியவை நடுத்தரம்: கை அழுக்காகாது, புகை குறைவு. ஆனால் கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக்கும் மடிப்பான கிரிம்ப்பைக் கொஞ்சம் அழுத்திப் போட்டால் முலாம் கிழிந்துவிடும். ரிவால்வருக்கோ கிரிம்ப் முக்கியம். பிடிப்பு தளர்ந்தால் சுடும்போது வரும் உதைப்பில் மற்ற அறைகளில் உள்ள குண்டுகள் முன்னால் நகர்ந்து சிலிண்டரே சுழலாமல் மாட்டிக்கொள்ளும். அதனால் கிரிம்ப் பள்ளம் உள்ள ஈயக் குண்டுதான் எனக்குச் சரிப்பட்டது.

ஈயத்திலும் இரண்டு வகை. மெழுகு மசகு தடவியதுதான் பொதுவாக விலை குறைந்தது. ஆனால் உள்ளரங்கில் நாலு சிலிண்டர் சுட்டதும் எதிரே இலக்கு மங்கலாகிவிடும். அந்தப் புகையில் பெரும்பங்கு மசகு எரிவதால் வருவது. குண்டைக் கூட்டுக்குள் அழுத்தி இறக்கும் அச்சான டையில் மெழுகு சேர்ந்துகொண்டே போனால் குண்டு இறங்கும் ஆழமும் மாறும். பாலிமர் பூச்சுக் குண்டுகளில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. இப்போது நான் வாங்குவது பூச்சுப் போட்ட 158 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) செமி வாட்கட்டர், அதாவது முனை தட்டையான குண்டு. விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் பிரஷ்ஷும் துணியுமாகப் பேரலைத் தேய்க்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் இதுதான் மலிவு.

விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது விட்டம். .38 ஸ்பெஷலுக்கும் அதன் வலிமையான உறவான .357 மேக்னம் தோட்டாவுக்கும் ஜாக்கெட் குண்டு .357 அங்குலம், ஈயக் குண்டு வழக்கமாக .358. ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று விடக்கூடாது. குண்டு சிறுத்திருந்தால் சூடான வாயு அதன் ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை அரித்து, பேரல் சுவரில் அப்பிவிடும். சிலிண்டர் அறையின் முன்வாயில் குண்டை விட்டுப் பாருங்கள். விரலால் லேசாகத் தள்ளினால் போக வேண்டும். தானாக விழுந்தால் அது உங்கள் துப்பாக்கிக்குச் சிறியது. இந்தக் காரணத்துக்காகவே, 9 மி.மீ. பிஸ்டலுக்கான .355 குண்டுகள் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று அவற்றை .38 கூட்டில் நிரப்பாதீர்கள். கூட்டின் கழுத்தும் பிடிக்காது, இலக்கிலும் சிதறும்.

விளம்பரங்களில் ‘ஹார்ட் காஸ்ட்’ (கடினமாக வார்த்தது) என்று பெருமையாகப் போடுவார்கள். சுத்த ஈயத்தின் கடினம் பிரினெல் அளவில் சுமார் 5. ஆன்டிமனியும் தகரமும் கலந்து வார்த்த கடைக் குண்டுகள் பெரும்பாலும் 15ஐ ஒட்டி இருக்கும். மெதுவான பயிற்சித் தோட்டாவுக்கு அவ்வளவு கடினம் தேவையே இல்லை. குறைந்த அழுத்தத்தில் கடினக் குண்டு விரிந்து பேரலை அடைக்காது. விட்டமும் சரியில்லை என்றால் அதுவே ஈயம் படியக் காரணமாகும். கடினத்துக்காகக் கூடுதல் காசு கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

காகித இலக்கு மட்டும்தான் என்றால் முகம் முழுதும் தட்டையான 148 கிரெய்ன் வாட்கட்டர் அருமை. பஞ்சிங் மெஷின் மாதிரி வட்டமாக வெட்டும், மதிப்பெண் எண்ணச் சுலபம். ஆனால் அது கூட்டுக்குள் ஆழமாக இறங்கும், உள்ளே இடம் குறையும், அழுத்தம் ஏறும். வேறு குண்டுக்கான பவுடர் அளவை இதற்குப் போடக் கூடாது. குண்டை மாற்றினால் அந்தக் குண்டுக்கு அச்சிட்ட கையேட்டைத் திறந்து, அதில் சொன்ன தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இன்னொன்று: .38 ஸ்பெஷல் கூடு கரும்பொடிக் காலத்து வடிவம், உள்ளே இடம் தாராளம். இன்றைய பவுடர் தவறி இருமுறை விழுந்தாலும் வழியாமல் அடங்கிவிடும். குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் எட்டிப் பாருங்கள்.

மொத்தமாக வாங்கும்போது எடைதான் இடிக்கும். 158 கிரெய்ன் குண்டு ஆயிரம் என்றால் பத்து கிலோவுக்கு மேல். அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்து ஒரு குண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், பட்டியலில் முதலிடம் பிடித்த கடை மூன்றாவதாகப் போய்விடுவது சகஜம். நண்பர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. பூச்சு நிறம் சீராக இல்லை என்று கழித்துக் கட்டியதையும் தயங்காமல் வாங்கலாம், விட்டமும் அடிப்பாகமும் ஒழுங்காக இருந்தால் போதும். அடிப்பாகம் நெளிந்ததைத் தொட வேண்டாம்.

நீங்களே வார்த்தால் இன்னும் மிச்சமாகும்தான். ஆனால் உருகிய ஈயத்துக்குள் ஈரம் போனால் நீராவி வெடித்துச் சிதறும். காற்றோட்டமான தனி இடமும் வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. வாங்கிய குண்டைக் கையாள்பவர்களுக்கும் ஈய விஷயத்தில் கவனம் தேவை: வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், மேசையில் எதையும் சாப்பிடாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பெரிய பெட்டி எடுக்கும் முன் அதே குண்டில் நூறு வாங்கிச் சுட்டுப் பேரலைப் பாருங்கள். அப்புறம் உங்கள் பயிற்சிக் களத்தின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில உள்ளரங்குகளில் திறந்த ஈயத்துக்கு அனுமதி இல்லை. பூச்சுப் போட்டதை ஈயமாகவே எண்ணுவார்களா என்பது களத்துக்குக் களம் மாறும்.