பெங்களூரு அல்சூர் பன்றிக்கறிக் கடை: நாக்கைக் காட்டிய கடைக்காரர்

பன்றிக்கறி வாங்கப் போனால் முதலில் நாக்கைக் காட்டச் சொல்வேன். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றும் விடாத பழக்கம். இந்தக் கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. அரிசிமணி போன்ற நாடாப்புழுக் கட்டி எதுவும் தென்படவில்லை. லேசான தொற்று நாக்கில் தெரியாது என்பது வேறு விஷயம்.

பன்றிகள் கோலார் பக்கத்துக் கொட்டிலில் வளர்கின்றனவாம். மனித மலம் மேய வழியில்லை; நாடாப்புழு முட்டை அதன் வழியாகத்தான் பன்றிக்குள் போகும். அதுதான் பாதி வைத்தியம். ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற புழுமருந்து கொடுப்பதுண்டா என்றேன். கிலோ எடைக்கு 30 மில்லிகிராம், ஒரே வேளை. தசையிலுள்ள கட்டிகள் செத்துவிடும், ஆனால் உடனே வெட்டக்கூடாது. "பண்ணையில் கேட்டுச் சொல்கிறேன் சார்" என்றவர், அடுத்த ஞாயிறு மருந்துச் சீட்டையே நீட்டினார்!

தொடைக்கறி அருமை. கொழுப்பைத்தான் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்து நிறுக்கிறார்.