டிஸ்க்கில் அடுக்குவதா, வெட்டி நிரப்புவதா?

டிவிடி உறையில் 4.7 ஜிபி என்றிருக்கும். விண்டோஸ் கணக்கில் அது சுமார் 4.38தான். அதில் பேக்கப்பை அடைக்க இரண்டு வழி: டிர்ஸ்பிளிட் என்ற நிரல் போல முழுக் கோப்புகளாக அடுக்குவது, செவன்‑ஜிப் நிரல் போல எல்லாவற்றையும் ஒரே காப்பகக் கோப்பாக்கி டிஸ்க் அளவுத் துண்டுகளாக வெட்டுவது. இரண்டும் இலவசம்.

இடம்: அடுக்கினால் ஓரம் காலி விழும். எல்லாமே 3 ஜிபி வீடியோ என்றால் டிஸ்க்குக்கு ஒன்றுதான்!
வெட்டினால் கடைசி டிஸ்க் தவிர எல்லாம் நிறையும்.

மீட்பு: அடுக்கிய டிஸ்க் ஒன்று கீறினால் அதிலுள்ளவை மட்டும் போகும்.
வெட்டியதில் நடுத்துண்டு போனால் தலைவலி. சாலிட் முறையில் (பல கோப்புகளை ஒரே தொடராகச் சேர்த்து) சுருக்கியிருந்தால் பின்னால் உள்ளவையும் போகலாம். ஒரேயொரு படத்துக்காக டிஸ்க் டிஸ்க்காக மாற்றவும் நேரும்.

புகைப்படம், ஆவணம் என்றால் யோசிக்காமல் அடுக்குங்கள். 20 ஜிபி ஒற்றைக் கோப்பா? சரி, வெட்டத்தான் வேண்டும். கூடவே, சேதமான துண்டைச் சரிசெய்ய உதவும் பார்2 கோப்புகளையும் எழுதிவிடுங்கள்.