"காய்ஞ்ச தேக்குங்க" என்றால் நம்பிவிடாதீர்கள்

பாத்ரூம் வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் அலமாரிக்கு நானே கதவு செய்யலாம் என்று கிளம்பினேன். வீடு பொள்ளாச்சியில். பலகை வாங்கியது கோவையில் ஒரு மரக்கடையில். பெயர் வேண்டாம்.

"ஏனுங்க, மரம் காய்ஞ்சதுதானுங்களா?"

"தம்பி, மூணு வருசமா நெழல்ல அடுக்கி வெச்ச தேக்குங்க. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

அப்படியேதான் எடுத்து வந்தேன். ஒன்றேகால் கன அடி, 5,000 ரூபாய். துண்டுச் சீட்டில் 'தேக்கு' என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தார்.

மாசியில் வேலை முடிந்தது. சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல் சொருகியிருந்தேன். மரம் அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும் என்பதால் அதற்கு நகர இடம் வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் சித்திரை வெயில் ஏறியதும் பலகை சுருங்கி, இரண்டு ஓரத்திலும் பாலிஷ் படாத வெளிறிய கோடு எட்டிப் பார்த்தது. ஒரு கதவின் சட்டம் முறுக்கிக்கொண்டு, கீழ்மூலை விரற்கடை அளவு துருத்தி நிற்கிறது. ஆட்டோ ஹிஞ்சை (தானே மூடிக்கொள்ளும் கீல்) திருகித் திருகிப் பார்த்தேன், ம்ஹூம். போதாததற்குச் சட்டத்தின் வெள்ளைப் பகுதியிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. தேக்கில் வைரம், அதாவது உள்ளே இருக்கும் பழுப்புப் பகுதிதான் பூச்சிக்குத் தாங்கும். வெள்ளை இருப்பதைப் பார்த்தும் வாங்கியது என் புத்தி.

கேட்கப் போனால், "மரம்னா அப்பிடித்தானுங்க அசையும்" என்கிறார். சீட்டை நீட்டினேன். காய்ந்தது என்று அதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்!

சந்தேகம் தீர, அதே அடுக்கிலிருந்து ஒரு சின்னத் துண்டை 100 ரூபாய்க்கு வாங்கி வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். 612 கிராம். பரணில் போட்டு வாராவாரம் எடை பார்த்தேன். மூன்றாவது வாரம் 540. குறைந்த 72 கிராமும் தண்ணீர்தான். காய்ந்த மரம் இப்படி இளைக்காது.

பலகை வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒரு துண்டை வாங்கி இப்படிப் பாருங்கள். அவசரமென்றால் ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானியைக் கையோடு கொண்டு போங்கள். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பில்லில் 'காய்ந்த மரம்' என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை.

கதவுகளைக் கழற்றிப் பரணில் ஏற்றியாயிற்று. வாஷ்பேசினுக்குக் கீழே இப்போது அம்மாவின் பழைய சேலைதான் தொங்குகிறது.