பவளத்திட்டுப் பயணத்தில் ஏமாந்தோம்: மாணவர்களை அழைத்துச் செல்வோர் கவனத்திற்கு

எங்கள் மாணவர்கள் 22 பேரைப் பவளத்திட்டில் ஸ்நார்கெலிங் (முகக்கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டி, நீர்ப்பரப்பில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்ய அழைத்துச் சென்று நாங்கள் பட்ட பாட்டை, இதே போன்ற ஏற்பாட்டில் இறங்கியிருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். எழுத்துமூலம் புகார் அளித்திருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டபோது, எட்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி என்றும், காற்று எழுவதற்கு முன்பே புறப்பட்டுவிடலாம் என்றும் உறுதி கூறினார்கள். படகில் இருந்தவரோ ஒரே ஒரு வழிகாட்டி. முந்தைய குழு திரும்பவில்லை என்று இரண்டரை மணி நேரம் காக்க வைத்ததில் காற்றும் எழுந்துவிட்டது. நீரும் வற்றி, பவளங்களுக்கு மேல் முழங்கால் ஆழமே மிஞ்சியிருந்தது. களைத்தவர்கள் "அந்தப் பாறை மேல் நின்றுகொள்ளலாம்" என்று வழிகாட்டியே சொன்னார். அவர் பாறை என்றது, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே வளரும் உயிருள்ள பவளக் கூட்டம். அதைப் பாடமாகப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அலை தள்ளியதில் மூவருக்குக் காலில் கீறல் விழுந்தது. பவளத் துணுக்குகள் உள்ளே தங்கிவிட்டால் இத்தகைய காயம் எளிதில் ஆறாது என்பதால் நல்ல தண்ணீரில் கழுவக் கேட்டோம். படகில் முதலுதவிப் பெட்டியே இல்லை.

கருவிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு மாணவரின் முகக்கண்ணாடிப் பட்டை அறுந்து, தூண்டில் நரம்பால் முடிச்சிடப்பட்டிருந்தது. பல குழாய்களின் அடியில் நீரை வெளியேற்றும் ரப்பர் வால்வு கிழிந்திருந்ததால், மூச்சை இழுத்தபோதெல்லாம் உப்புநீர் வாய்க்குள் வந்தது. பட்டையை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் அழுத்தி, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும் என்ற எளிய சோதனையைக் கரையிலேயே செய்திருந்தால், பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்திருப்போம். அதைச் செய்யாதது எங்கள் தவறு.

ஆனால் நான் இதை எழுதக் காரணம் திரும்பும் நேரத்தில் நடந்ததுதான். படகு உதவியாளர் ஆட்களை எண்ணவில்லை. கூடையில் விழுந்த முகக்கண்ணாடிகளை எண்ணி, "22 சரி" என்று நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார். கூடையில் உபரிக் கண்ணாடி ஒன்று முன்பே கிடந்தது. நான் பட்டியலை வைத்துப் பெயர் பெயராக அழைத்தபோது ஒரு மாணவியிடமிருந்து பதில் இல்லை. படகின் பின்புறம் அறுபது மீட்டர் தள்ளி, நீரோட்டத்தில் ஒதுங்கி மிதந்துகொண்டிருந்தாள். கையை அசைத்தும் யாரும் பார்க்கவில்லை, அவளுடைய மிதவை அங்கியில் விசிலும் இல்லை. 1998இல் ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டில் ஒரு தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியதும், அது தெரியவே இரண்டு நாள்கள் ஆனதும், அவர்கள் கடைசிவரை கிடைக்காததும் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தன.

பயணத்தை நடத்திய நிறுவனத்தாரிடம் கேட்டதற்கு, "அதான் ஒன்றும் ஆகவில்லையே" என்றார். ஆகவே, பணம் கட்டும் முன் எத்தனை வழிகாட்டிகள், நீர்மட்டம் எப்போது உயர்ந்திருக்கும், ஆட்களை எண்ணுவது யார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பெயர்ப் பட்டியல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பணத்தைத் திருப்பித் தரக் கோரிய எங்கள் கடிதத்திற்கு இன்றுவரை பதில் இல்லை. அவர்களுடைய புதிய விளம்பரத்தில் மட்டும் எங்கள் மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள், பவளத்தின் மேல் ஏறி நின்றபடி.