நார்மலைஸ் சிஎஸ்எஸ்: ஏழு வருடப் பழக்கம்

வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி சிஎஸ்எஸ். ஒரே பக்கத்தை ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமாகக் காட்டாமலிருக்க முதலில் சேர்க்கும் ஆயத்தக் கோப்புதான் நார்மலைஸ் சிஎஸ்எஸ். 2018இல் எட்டாவது பதிப்பு வந்ததிலிருந்து அதைப் பயன்படுத்துகிறேன். அதற்கு முன்பு எரிக் மேயர் எழுதிய ரீசெட் என்ற கோப்பு. ரீசெட் போட்டால் எல்லாமே மொட்டையாகிவிடும்: தலைப்பும் பத்தியும் ஒரே அளவு, பட்டியலில் புள்ளி இருக்காது. வேண்டியதை நாமே திரும்ப எழுத வேண்டும். நார்மலைஸ் பெரும்பாலும் பிரவுசர்கள் தங்களுக்குள் முரண்படும் இடத்தில்தான் கை வைக்கும். (எல்லா பிரவுசரும் ஒற்றுமையாக வைத்திருக்கும் 8 பிக்சல் பாடி மார்ஜினையும், அதாவது பக்கத்தின் ஓர இடைவெளியையும், எடுத்துவிடுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.)

எனக்குப் பெரிய லாபம் படிவங்களில்தான். பட்டனும் இன்புட்டும் பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக எடுத்துக்கொள்ளாது. பக்கமெல்லாம் நோட்டோ தமிழ், ‘அனுப்பு’ பட்டன் மட்டும் விண்டோஸில் நிர்மலா, மேக்கில் வேறொன்று என்று நிற்கும். இதை ஒரே வரி சரிசெய்துவிட்டது.

ஆனால் அதே இடத்தில்தான் அடியும் வாங்கினேன். இந்தக் கோப்பு வரி உயரத்தை 1.15 என்று, அதாவது எழுத்தளவின் 1.15 மடங்காக, வைக்கிறது. ஆங்கிலத்துக்குப் பரவாயில்லை. தமிழில் மேல் வரியின் ‘பூ’ கீழே இறங்க, கீழ் வரியின் ‘கீ’ மேலே ஏற, இரண்டும் இடித்துக்கொள்ளும். பாடிக்கு (பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதற்கும்) 1.6 கொடுத்துவிட்டு, முடிந்தது என்று நினைத்தேன். சரி, இரண்டு வரிக்கு மடியும் பட்டன் மட்டும் ஏன் இன்னும் நெருக்கமாக இருக்கிறது? படிவ உறுப்புகளுக்கு அதே 1.15ஐத் தனியாக இன்னொரு முறை எழுதியிருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு மாலை போனது. இப்போது அங்கே ‘இன்ஹெரிட்’ (பக்கத்தின் அளவையே எடுத்துக்கொள்) என்று மாற்றித்தான் எந்த வேலையையும் தொடங்குகிறேன்.

இன்னொரு வேடிக்கை, ‘மோனோஸ்பேஸ், மோனோஸ்பேஸ்’ என்று இரண்டு முறை வரும் வரி. மோனோஸ்பேஸ் என்றால் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துரு. கூட வேலை பார்த்த தம்பி, “அண்ணா, ஒண்ணு எக்ஸ்ட்ராவா இருக்கு” என்று அழித்துவிட்டான். மறுநாள், அந்த எழுத்துருவில் வைத்திருந்த ஆர்டர் எண்களெல்லாம் சுருங்கிக் கிடந்தன. மோனோஸ்பேஸ் தனியாக இருந்தால் பிரவுசர்கள் 16க்குப் பதில் 13 பிக்சலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முறை எழுதினால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். அவனைக் குறை சொல்லவும் முடியாது, பார்த்தால் யாருக்கும் தட்டச்சுப் பிழை என்றுதான் தோன்றும். கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் மேலே காரணம் எழுதியிருக்கிறது. நாங்கள் ‘மினிஃபை’ செய்த, அதாவது இடைவெளியும் குறிப்பும் நீக்கிச் சுருக்கிய, நகலை வைத்திருந்ததால் அந்தக் குறிப்புகள் எங்களிடம் இல்லை. அதற்கப்புறம் முழுக்கோப்பையே வைத்துக்கொள்கிறோம். 349 வரிதான், ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம்.

8.0.1க்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11க்கு 2022 ஜூனிலேயே மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்துவிட்டதால், அதற்காக இருந்த வரிகளை என் நகலிலிருந்து வெட்டிவிட்டேன். டெயில்விண்ட் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் கட்டமைப்பைப் போடும் வேலைகளில் நார்மலைஸைச் சேர்ப்பதே இல்லை. டெயில்விண்டின் ப்ரீஃப்ளைட் என்ற தொடக்க விதிகள், நார்மலைஸின் வழிவந்த மாடர்ன் நார்மலைஸ் மீது கட்டியவைதான். கையால் சிஎஸ்எஸ் எழுதும் சின்னத் தளங்களுக்கு மட்டும் இன்றும் முதல் கோப்பாக நார்மலைஸைத்தான் போடுகிறேன்.