இண்டஸ் ஆப்ஸ்டோர்: நல்ல கடைதான், வாசல் கூகுளிடம் இருக்கிறது

அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் இண்டஸ் ஆப்ஸ்டோரை ஏற்றிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் ஆரம்பித்த ஆப் கடை இது, கூகுளின் பிளே ஸ்டோருக்குப் போட்டி. அம்மாவுக்கு ஜிமெயில் பாஸ்வேர்ட் ஒருநாளும் நினைவில் இருந்ததில்லை. இதில் மொபைல் எண்ணை வைத்தே உள்ளே போகலாம், தமிழ் உட்பட 12 இந்திய மொழிகள் வேறு, அதனால்தான் முயன்று பார்த்தேன்.

முதலில் ஏற்றுகிற கதையைச் சொல்லிவிடுகிறேன், பாதி விமர்சனம் அதிலேயே அடங்கிவிடும். பிளே ஸ்டோரில் இது கிடைக்காது. இண்டஸின் இணையதளத்துக்குப் போய் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் கோப்பை, இறக்க வேண்டும். இறக்கும்போதே இந்தக் கோப்பு ஆபத்தாக இருக்கலாம் என்று ஒரு எச்சரிக்கை, பரவாயில்லை என்று தட்டினால் இந்த மாதிரி ஆப்களை நிறுவ அனுமதி இல்லை என்று செட்டிங்ஸுக்கு அனுப்புகிறது, அங்கே ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி நிறுவ வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, “டேய், பேங்க்ல இருக்கிற காசு போயிடாதே?” என்று கேட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பிக் கணக்கைத் துடைக்கிற கும்பல்கள் இருக்கிற ஊர் இது, அந்த எச்சரிக்கைக்கு நியாயம் உண்டு. ஆனால் திருட்டு ஏபிகேவுக்கும் ஒரு முழுக் கடைக்கும் ஒரே எச்சரிக்கையா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியை அரசும் கேட்டது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டபோது, மற்ற ஆப் கடைகளைப் பிளே ஸ்டோருக்குள் அனுமதிக்க வேண்டும், வெளியிலிருந்து இறக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்துவிட்டு, நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. அந்த நான்கில் இவை இரண்டும் அடக்கம். அதாவது காசு வாங்கலாம், வாசலைத் தொடக் கூடாது. காசு என்றாலும் எவ்வளவு? 2022இல் கூகுளின் தாய் நிறுவனம் ஆல்பபெட்டின் வருவாய் சுமார் 28,300 கோடி டாலர், அபராதம் சுமார் 16 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் ஐந்து மணி நேர வருவாய். காலையில் ஆபீஸ் திறந்து மதியச் சாப்பாட்டுக்குள் சம்பாதித்துவிடுவார்கள். பேங்க் காசு போயிடாதே என்று அம்மா பயந்து கேட்ட அந்தக் கேள்விதான், என் கணக்கில், இந்த வழக்கில் கூகுளுக்குக் கிடைத்த பெரிய லாபம்.

சரி, கடைக்குள் வருவோம். தமிழில் தேடலாம், வகைகள் எல்லாம் தமிழில் இருக்கின்றன. ஆப் எப்படி இருக்கும் என்று குட்டி வீடியோவாகக் காட்டுகிறது; எனக்கு அது தேவைப்படவில்லை, அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. ஆப் செய்பவர்களுக்குத்தான் உண்மையான சலுகை. ஆப்புக்குள் நடக்கும் பணப் பரிமாற்றத்துக்கு எந்த வழியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கமிஷன் கிடையாது என்று அறிவித்துத்தான் கடையைத் திறந்தார்கள். பிளே ஸ்டோரில் அப்போது அது 15 முதல் 30 சதவீதம், வேறு பேமெண்ட் வழியைப் பயன்படுத்தினாலும் 11 முதல் 26 சதவீதம்.

அந்தக் கமிஷன் சண்டையில்தான் 2024 மார்ச் 1ஆம் தேதி சென்னையின் பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய நிறுவனங்களின் ஆப்களைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. நீக்கத்துக்கு எதிராக நீதிமன்றத்தில் அந்த நிறுவனங்களுக்கு இடைக்காலத் தடை கிடைத்திருக்கவில்லை. ஆனால் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் கூப்பிட்டுப் பேசியதும் சில நாட்களில் ஆப்கள் திரும்பி வந்துவிட்டன. ஆண்டுக்கணக்கில் நடந்த போட்டி ஆணைய விசாரணையால் ஆகாதது ஒரு கூட்டத்தில் ஆனது. பலர் கைதட்டினார்கள், எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 ஆப்களை ஒரே இரவில் தடை செய்ததும் இதே மத்திய அரசுதான். வேண்டுமென்றால் அவர்களால் வேகமாக முடியும், எப்போது வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரியாது.

இந்தக் கடைக்காரரும் ஒன்றும் பாவப்பட்டவர் இல்லை. சுதேசி என்று பெருமைப்படுவதற்கு முன், போன்பேயின் பெரும்பங்கு அமெரிக்க வால்மார்ட்டிடம் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐயின் மொத்தப் பரிவர்த்தனைகளில் எந்த ஆப்பும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதை நடத்தும் என்பிசிஐ 2020இல் விதி போட்டது, அதைத் தாண்டி நிற்பவர்களில் முதல் ஆள் போன்பே. கெடு தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் வரை போயிருக்கிறது. ஆப் கடையில் ஏகபோகம் கூடாது, யுபிஐயில் இருந்தால் பரவாயில்லை, அப்படித்தானே?

ஐந்துக்கு மூன்று ஸ்டார் கொடுப்பேன். அம்மா போனில் பிளே ஸ்டோரும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. ஏற்றப் போகிறவர்கள் யாரோ அனுப்பிய லிங்க்கைத் தட்டாமல் இண்டஸின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அப்புறம், நிறுவி முடித்ததும் செட்டிங்ஸில் குரோமுக்குக் கொடுத்த அந்த அனுமதியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். நான் இரண்டு நாள் கழித்துத்தான் அணைத்தேன், அதுவும் அம்மா கேட்ட பிறகு.